பதில் சொல்லாத ஆட்டம்

நர்ஸ் முதல் நாள் வந்தபோது கைப்பையிலிருந்து ஓர் ஆணுறைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். "யாரும் வெக்கப்படக் கூடாது. இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டாள். மூன்றாம் மேசைப் பெண்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் வெடித்துச் சிரித்தார்கள். இஸ்திரி உருளைப் பக்கம் நின்றவர்கள்கூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க புதுசக் காட்டிக் கேக்குறீங்க. நாங்க தினமும் பழசப் பொறுக்குறவங்க," என்றாள் அவர்களில் ரேடியோ என்று பெயர் வாங்கியவள்.

உண்மைதான். அது பெரிய சலவைக்கூடம். பதினோரு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து விழும். மூட்டையை அவிழ்த்து, உதறி, கறைக்குத் தகுந்தபடி பிரித்து, சலவை டிரம்முக்கு அனுப்பி, காய்ந்து வந்ததை மடித்து அடுக்குவது இந்தப் பெண்களின் வேலை. உதறும்போது என்னென்னவோ விழும். சாவி, ஒற்றைக் காலுறை, பல்செட்டு, மருந்து ஊசி. ஆணுறை நாளைக்கு இருபது முப்பது. இடுக்கியால் எடுத்து மஞ்சள் வாளியில் போட்டுவிட்டு அடுத்த விரிப்பை உதறுவார்கள். அந்த ஊரிலேயே அதிகம் ஆணுறை பார்த்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருத்திகூட அந்தப் பொருளின் பெயரைத் தன் வீட்டுக்குள் வாய்விட்டுச் சொன்னதில்லை. இது நர்ஸுக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது.

சுகாதார நிலையத்திலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமைதோறும் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். பாடம் நடத்தினால் பெண்கள் தூங்கிவிடுவார்கள் என்று மேலே யாரோ யோசித்து ஒரு விளையாட்டு செய்து கொடுத்திருந்தார்கள். கட்டம் போட்ட பலகை, பகடை, பல நிறத்தில் காய்கள், நாற்பது அட்டைகள். பகடையை உருட்டியவள் ஓர் அட்டையை எடுத்து உரக்கப் படிக்க வேண்டும். 'உறை வேண்டாம், உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா என்கிறான். நீ என்ன செய்வாய்?' என்பது மாதிரி ஒரு நிலைமை எழுதியிருக்கும். கீழே மூன்று பதில்கள். சரியானதைச் சொன்னால் மூன்று கட்டம் முன்னே, தப்பானதைச் சொன்னால் ஐந்து கட்டம் பின்னே. கடைசிக் கட்டத்துக்கு முதலில் போகிறவளுக்குப் பரிசு.

முதல் வாரப் பரிசு ஒரு சோப்புக்கட்டி.

"நாள் முழுக்க சோப்புல ஊறிக்கிட்டு கிடக்குறோம், எங்களுக்கு சோப்பா? மீன் விக்கிறவளுக்கு மீன் குடுப்பீங்களாக்கா?" என்று ரேடியோ கேட்டாள். நர்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரம் கைக்குப் பூசுகிற களிம்பு கொண்டுவந்தாள். அதன்பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. வெளுப்பு மருந்தில் வெடித்த விரல் அங்கே எல்லோருக்கும் உண்டு.

களிம்பு வந்த நாள்முதல் அதை வாங்கிக்கொண்டு போகிறவள் நெட்டை.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. உயரத்தால் வந்த பெயர். விரிப்பு மடிக்க அவளுக்கு ஜோடி, அவள் தோளுக்குத்தான் வருகிற ரேடியோ. மேஸ்திரியம்மா உயரம் பார்த்து ஜோடி சேர்க்கவில்லை, வேலைக்கு வந்த தேதி பார்த்துச் சேர்த்தாள். அதனால் நாலு வருஷமாக நெட்டை முதுகை வளைத்து மடிக்கிறாள், ரேடியோ குதிகாலைத் தூக்கி மடிக்கிறாள். ரேடியோ பேசுவாள், நெட்டை கேட்பாள். காலையில் கையெழுத்துப் போட்டதிலிருந்து சங்கு ஊதும்வரை அந்த நிலையம் ஓயாது.

நெட்டை ஜெயித்ததற்குக் காரணம் அறிவு இல்லை, கண். கறையைப் பார்த்தே இது எந்த ஹோட்டல் விரிப்பு, எந்த மாடி என்றுகூடச் சொல்லிவிடுவாள். அந்தக் கண் அட்டைகளையும் சும்மா விடவில்லை. சாப்பிட்ட கையோடு ஏழு பேர் புழங்கிய அட்டைகள். ஒன்றின் முதுகில் டீ டம்ளரின் வட்டம். ஒன்றில் எண்ணெய்க் கட்டைவிரல். ஒன்றின் மூலை மடங்கிக் கிழிந்திருந்தது. டீ வட்டம் என்றால் இரண்டாவது பதில். கட்டைவிரல் என்றால் மூன்றாவது. மூலை போனது முதலாவது. மூன்றாவது வாரம் இதை மேசை முழுக்கவே கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் யாரும் இதை ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. முதலில் மடித்து முடிக்கிற மேசை முதலில் டீ குடிக்கப் போகலாம் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். எதைக் கொடுத்தாலும் சீக்கிரம் முடிக்க வழி பார்ப்பது அவர்கள் கைக்குப் பழகிப்போயிருந்தது. அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதுகூட நின்றுபோனது. எடுத்தவுடன் "ரெண்டு!" என்று ஒரு குரல், அடுத்து பகடை.

நர்ஸ் தன் நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினாள்.

அந்த நர்ஸுக்கு நெட்டையை வேறு விதமாகவும் தெரியும். அதை இரண்டு பேருமே கூடத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

நெட்டையின் புருஷன் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டியில் வேலை. ஆறு வாரம் ஊர் ஊராகப் போய்த் துளை போடுவான், ஆறு நாள் வீட்டில் இருப்பான். போன தடவை வந்துபோன மூன்றாவது வாரம் நெட்டைக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. தூரமாகிற வலி என்று நினைத்து வேலைக்கு வந்தாள். தள்ளுவண்டியின் கம்பியை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு தள்ளினால் கொஞ்சம் தேவலை. அப்புறம் வெள்ளைப்பட்டது. நாற்றம் அடித்தது. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துச் சுருக்கமாகச் சொன்னாள். உறவிலிருந்து வந்த தொற்று. மாத்திரையில் சரியாகிவிடும். ஆனால் புருஷனும் போட வேண்டும். அவன் போடாமல் இருந்தால் திரும்பவும் அவனிடமிருந்து உனக்கு வரும். திரும்பத் திரும்ப வந்தால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிள்ளை நிற்பது கஷ்டம். இரண்டு பட்டை மாத்திரை கொடுத்தாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஏழு நாள். "அவரு முடிக்கிற வரைக்கும் சேரக்கூடாது. புரியுதா?" என்றாள். நெட்டை தலையாட்டினாள். அன்று வெளியே வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் இந்த நர்ஸ்தான்.

நெட்டை தன் பட்டையை முடித்துவிட்டாள். அவனுடையது துணிப்பெட்டிக்குள் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம். மாமியார் மாதாமாதம் கேட்பது நாலே எழுத்து: "என்னடி?"

நாலாவது வாரச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் போன் செய்தான். "சனிக்கிழமை மத்தியானம் வந்துருவேன்," என்றான். வண்டிச் சத்தத்தில் காது பாதி போனவன். போனில் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

மறுநாள் புதன். நெட்டை எடுத்த அட்டையில் டீ வட்டம் இருந்தது. "ரெண்டு," என்றாள்.

"படிச்சுட்டுச் சொல்லு," என்றாள் நர்ஸ். அன்றைக்கு அவளோடு மேலதிகாரி ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்து வரவில்லை. அந்தப் பதற்றம் இன்னும் அவளிடம் மிச்சமிருந்தது.

நெட்டை அட்டையைத் திருப்பினாள். நாலு வாரத்தில் மூன்று தடவையாவது அந்த அட்டை அவள் கைக்கு வந்திருக்கும். இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தாள். "'நீ மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டாய். உன் துணை சாப்பிடவில்லை. வெகுநாள் கழித்து வீட்டுக்கு வருகிறான். நீ என்ன சொல்வாய்?'" குரல் கடைசி வரியில் தேய்ந்தது. "'இரண்டு. நீங்கள் மருந்தை முடிக்கும்வரை நாம் சேர வேண்டாம் என்று அமைதியாக எடுத்துச் சொல்வேன்.'"

"சரியான பதில்!" நர்ஸ் கைதட்டினாள். "மத்த மேசைக்கெல்லாம் நீயே போய்ச் சொல்லிக் குடுக்கலாம். உன் பேரத்தான் எழுதிக் குடுக்கப் போறேன்."

"வேண்டாங்க்கா," என்றாள் நெட்டை.

"ஏன், கூச்சமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. கறையப் பாத்துச் சொல்றேன்." அட்டையைத் திருப்பி வட்டத்தைக் காட்டினாள். "இது ரெண்டு. அந்தா அது மூணு. எல்லாருக்கும் தெரியும்."

மேஸ்திரியம்மாவிடம் மாட்டிக்கொண்ட மாதிரி எல்லோரும் குனிந்துகொண்டார்கள். ரேடியோ மட்டும் நெட்டையின் காலை மிதித்தாள். "களிம்பு போச்சுடி, பைத்தியக்காரி."

நர்ஸ் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் காலித் தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து நோட்டை மூடினாள்.

"அப்ப யாருமே படிக்கல," என்றாள்.

"படிச்சு என்னக்கா ஆகப் போகுது?" ரேடியோ நியாயம் கேட்க வந்துவிட்டாள். "இந்த அட்டையில இருக்கிற ஆம்பள ஒருதரம் கேக்குறான். நாம ஒரு பதில் சொல்றோம். அவன் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துர்றான். அப்படி ஒருத்தன் இருந்தா அட்ரஸ் குடுங்க, நாளைக்கே மாலையோட போறேன்."

சிரிப்பு எழுந்தது. நர்ஸும் சிரித்தாள். "எனக்கும் அந்த அட்ரஸ் கிடைக்கல," என்றாள். "எங்க வீட்ல ஒருதரம் அட்டையில இருக்கிற மாதிரியே அமைதியா எடுத்துச் சொல்லிப் பாத்தேன். நாடகத்துல நடிக்கிறியான்னு கேட்டாரு."

"அப்ப நாம ஆம்பளையப் பேச விடணும். அதுதான் ஆட்டம்." ரேடியோ எழுந்தாள். கழிவுக்குப் போட்டிருந்த கிழிந்த விரிப்பு ஒன்றை உருவினாள். இரண்டு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டு முனையை நெட்டை மேல் எறிந்தாள். நெட்டை பழக்கத்தில் பிடித்தாள்.

விரிப்பை மடிக்கும்போது கடைசியில் ஒருத்தி முன்னே நடந்து வந்து தன் முனையை அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மடிப்பு முடியும். நாளைக்கு நானூறு தடவை செய்கிற வேலை. ரேடியோ அதையே சட்டமாக்கினாள். "நான் ஆம்பள. நீ பொண்டாட்டி. வாய்ப்பேச்சுதான். யாரு முனையக் குடுக்குறாளோ அவ தோத்தா. கீழ விட்டாலும் தோத்தா. மருந்து அட்டைதான் விஷயம். ம், ஆரம்பி."

நெட்டை தொண்டையைச் செருமினாள். "நீங்க மாத்திர சாப்பிடணும்."

ரேடியோ உடனே குரலைத் தடிமனாக்கி வயிற்றை முன்னே தள்ளினாள். "என்ன மாத்திர? வந்து செருப்பக்கூடக் கழட்டல, அதுக்குள்ள மாத்திரையா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மாகிட்ட எதுக்குப் போன?"

"வயித்து வலி."

"வயித்து வலி உனக்கு. மாத்திர எனக்கா? உனக்குத் தலவலின்னா நான் மொட்டையடிச்சுக்கணுமா?"

மேசை குலுங்கியது. நெட்டை ஓர் அடி முன்னே போயிருந்தாள், அவளுக்கே தெரியாமல்.

"ரெண்டு பேருக்கும் இருக்கும்னு சொன்னாங்க."

"ரெண்டு பேருக்குமா? சரி. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். அப்ப உனக்கு எங்கேருந்து வந்துச்சு?" ரேடியோ விளையாட்டு மும்முரத்தில் விரிப்பைச் சுண்டி இழுத்தாள். "நான் ஊர்ல இல்லாதப்ப நீ யாருகிட்ட போன?"

நெட்டையின் கை விரிப்பிலிருந்து நழுவியது. முனை தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முகம் வெளுத்து நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இது ஆட்டத்துக்கான வெளுப்பு இல்லை என்று கறை பார்க்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. ரேடியோ குனிந்து முனையை எடுத்து அவள் கையில் திரும்ப வைத்தாள்.

"எப்ப வர்றான்?" என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டாள். நாலு வருஷத்தில் அவள் தாழ்ந்து பேசி நெட்டை கேட்டதே இல்லை.

"சனிக்கிழமை."

"அடிக்கிற ஆளா?" இதைக் கேட்டவள் நர்ஸ்.

"இல்லக்கா. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. ரெண்டு நாளானாலும் பேச மாட்டாரு."

"கைய ஓங்குனா பேச்ச விட்டுட்டு வெளிய வந்துரு. எங்கிட்ட வா. அது தோத்ததா அர்த்தம் இல்ல. அந்த மாதிரி இடத்துல ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது." நர்ஸ் இதை மட்டும் அட்டையில் படிப்பது போலில்லாமல் சொன்னாள்.

வியாழனும் வெள்ளியும் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே ஆட்டம். நெட்டை ஒன்பது தடவை தோற்றாள். மற்றவர்களும் தோற்றார்கள். ரேடியோவை யாராலும் அசைக்க முடியவில்லை. உலகத்துப் புருஷன்மாரின் வாய் முழுவதும் அந்தக் குட்டை உடம்புக்குள் இருந்தது. கெஞ்சினாள், கொஞ்சினாள், அம்மா பேரப்பிள்ளை கேட்கிறாள் என்றாள், ஆறு வாரம் மண்ணும் புகையும் தின்றுவிட்டு வந்தவனுக்கு இதுதான் வரவேற்பா என்றாள். அந்தக் கடைசி வரிக்கு நெட்டை இரண்டு தடவை முனையைக் கொடுத்தாள்.

ரேடியோவை ஜெயித்தது கடைசியில் புதுசு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத, கல்யாணமாகாத பெண். மேசையில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"மாத்திரையப் போடுங்க," என்றாள் புதுசு.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"மாத்திரையப் போடுங்க."

"நீ யாருகிட்ட போன?"

"மாத்திரையப் போடுங்க."

"உன் அப்பன் எனக்கு என்ன செஞ்சான்? ஒரு ஃபேன் வாங்கிக் குடுத்தானா?"

"மாத்திரையப் போடுங்க."

பதினைந்தாவது தடவை ரேடியோ விரிப்பைத் தரையில் வீசினாள். "போட்டுத் தொலைக்கிறேன் சனியனே, பட்டையோட முழுங்குறேன், ஆள விடு!" கூடமே கைதட்டியது. புதுசு வெட்கப்பட்டுப் போய்த் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள்.

நெட்டை அதைக் கைதட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஏன் தோற்கிறோம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலும் ஓர் அடி. புதுசு நின்ற இடத்தில் நின்றாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. நெட்டை வீடு வந்தபோது இரண்டு மணி. ஒரே வரிசையில் எட்டு அறை, நடுவில் செங்கல் ஒற்றைச் சுவர். அடுத்த வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டில் நூறு ஆயுசு என்று சொல்லலாம். நல்லவேளையாகப் பின்பக்கம் இரும்புப் பட்டறை. அங்கே அறுக்கிற சக்கரம் ஓடும்வரை யார் என்ன கத்தினாலும் வெளியே போகாது. மாமியார் பள்ளிக்கூடத்தில் அறை கூட்டும் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவாள். அதற்குள் பேசியாக வேண்டும்.

அவன் வந்து குளித்துக்கொண்டிருந்தான். காதோரமும் நகக்கண்ணும் எத்தனை தேய்த்தாலும் சேறு போகாது. சாப்பிட்டான். "குழம்பு நல்லா இருக்கு," என்று சுவருக்கும் சேர்த்துச் சொன்னான். கை கழுவிவிட்டு வந்து கதவைத் தாழிட்டான். அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து தோளில் கை போட்டான்.

நெட்டை எழுந்தாள். பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"மாத்திரையப் போடுங்க."

"என்ன மாத்திர?"

"எனக்குத் தொத்து வந்துச்சு. டாக்டரம்மா ரெண்டு பேருக்கும் குடுத்தாங்க. நான் முடிச்சுட்டேன். இது உங்களுக்கு. ஏழு நாள். அதுவரைக்கும் வேண்டாம்." இவ்வளவுதான் சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. ஒரு மூச்சில் வந்துவிட்டது.

அவன் சிரிக்கப் பார்த்தான். "ஆறு நாள்தான் லீவு."

"மாத்திரையப் போடுங்க."

"ஆஸ்பத்திரிக்காரங்க எதையாவது குடுப்பாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"மாத்திரையப் போடுங்க."

"என்னடி, கிளி மாதிரி?" முகம் இறுகியது. "ஆறு வாரம் கழிச்சு வர்றேன்."

ரேடியோவின் வாயிலிருந்து கேட்டதைவிட இந்த வாயிலிருந்து கேட்பது கனமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. அடுத்து, நீ யாரிடம் போனாய் என்று வரும். அதற்காகக் காத்து நின்றாள்.

அது வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். தரையைப் பார்த்தபடி சொன்னான், "அதெல்லாம் நான் போட்டாச்சு."

"என்ன போட்டாச்சு?"

"ஊசி. இங்கேருந்து போன நாலாம் நாளே எனக்கு எரிச்சல். ஒண்ணுக்குப் போக முடியல. அங்க ஒரு மருந்துக்கடையில ஊசி போட்டான். ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. அதான் சொல்றேன்ல, எனக்கு ஒண்ணும் இல்ல."

இந்த வரியை ரேடியோ சொன்னதில்லை. ஏழு பேரில் ஒருத்திக்கும் தோன்றியதில்லை.

நாலாம் நாள். நெட்டை கணக்குப் பார்த்தாள். அந்த நாலாம் நாளுக்குப் பிறகும் அவன் தினமும் போன் செய்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி என்று கேட்டான். அவள் தள்ளுவண்டிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு வேலை செய்த நாள்களிலும் கேட்டான். வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்ன அன்றுகூட, வெந்நீர் ஒத்தடம் கொடு என்றான். எல்லாம் தெரிந்துகொண்டு ஒத்தடம் சொன்னான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது?" முதல் தடவையாக அவன் குரல் சாதாரண ஆள் குரல் அளவுக்கு இறங்கியது.

யார் அவள், எந்த ஊர், எத்தனை தடவை. மூன்று கேள்வியும் நெட்டையின் வாய்வரை வந்துவிட்டன. கேட்டால் என்ன நடக்கும் என்பதும் கண்முன்னே ஓடியது. அவன் சத்தியம் பண்ணுவான். அழுவான். அவளும் அழுவாள். கடைசியில் தேற்றுவதற்கு அவன் கை தோளுக்கு வரும். பட்டை ஜன்னல் திட்டிலேயே கிடக்கும். அவள் பல்லைக் கடித்தாள். அந்தக் கேள்விகளை விட்டுவிடவில்லை, தள்ளி வைத்தாள். அவற்றுக்கு ஒரு நாள் உண்டு, இன்றைக்கு இல்லை.

"கடைக்காரன் போட்டது என்ன ஊசின்னு அவனுக்கே தெரியாது," என்றாள். "மாத்திரையப் போடுங்க."

"ஊசி போட்டாச்சுன்னு சொல்றேன்ல!" அவன் கத்தினான். கத்திய நொடியில் பட்டறைச் சக்கரம் நின்றுவிட்டது. அடுத்த இரும்பை மாட்டுகிறார்கள் போல. 'ஊசி' என்ற சொல் எட்டு அறைக்கும் போனது. பக்கத்து அறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் பட்டென்று நின்றது. அவன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. டம்ளரை எடுத்து அவனிடம் நீட்டினாள். நெடுநேரம் நீட்டிக்கொண்டே நின்றாள். மறுபடி சக்கரம் ஓடத் தொடங்கிய பிறகும் நின்றாள்.

அவன் வாங்கினான். பட்டையைப் பிதுக்கி ஒன்றை வாயில் போட்டு விழுங்கினான். வாயைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டினான். தாழைத் திறந்துவிட்டு வாசல்படியில் போய் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். இனி இரண்டு நாள் பேச மாட்டான். நெட்டை கட்டிலில் உட்கார்ந்து அந்த முதுகைப் பார்த்தாள். ஜெயித்தால் இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வயிறு காலியாக இருந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டாள்.

ஐந்து மணிக்கு மாமியார் வந்தாள். வாசல்படியில் மகன். உள்ளே, மூலையில் தனியாகச் சுருட்டி வைத்த ஒரு பாய். ஜன்னல் திட்டில் மாத்திரை. அவள் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"என்னடா, வந்த அன்னிக்கே மூஞ்சி தொங்குது? யாருக்கு மாத்திர?" என்றவள் நெட்டையின் பக்கம் திரும்பினாள். முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "உனக்கா? ஏதாவது விசேஷமா?"

தலைவலிக்கு அத்தை என்று சொல்ல அவளுக்கு நாக்கு தயாராக இருந்தது. இரண்டு வருஷமாக இந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் அவள்தான் பதில் சொல்லி வந்தாள். அவன் ஏன் போன் எடுக்கவில்லை என்றால் வேலையாக இருப்பார் என்பாள். ஏன் இன்னும் ஒன்றும் இல்லை என்றால் தலையைக் குனிந்துகொள்வாள்.

"எனக்கு இல்ல அத்தை," என்றாள்.

"பின்ன யாருக்கு?"

நெட்டை வெங்காயக் கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு போதும்.

"எனக்குத்தாம்மா," என்றான் வாசலிலிருந்து அவன்.

"உனக்கு என்னடா? காய்ச்சலா? கிட்ட வா, பாக்குறேன்."

அவன் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாவைப் பார்க்கவில்லை. நெட்டையைப் பார்த்தான். எதையாவது சொல்லேன் என்கிற பார்வை. அவள் வெங்காயத்தின் தோலை நுனியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் உரித்தாள்.

"கேக்குறேன்ல, என்ன நோவு?" என்றாள் மாமியார்.

பின்னால் பட்டறையில் அன்றைய வேலை முடிந்துவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. அவன் தொண்டையைச் செருமினான். மாமியார் பதிலுக்குக் காத்திருந்தாள். நெட்டையும் அடுத்த வெங்காயத்தை எடுக்காமல் காத்திருந்தாள்.